தில்லியிலிருந்து அர்மேனியா: பறவைகளையும் பழைய மடாலயங்களையும் ஒரே பயணத்தில் பார்ப்பது எப்படி

ஓக்லா, சுல்தான்பூர் பறவைக் காப்பிடங்களில் ஞாயிறு விடியலைக் கழிக்கும் தில்லித் தமிழர்கள் அயல்நாட்டுப் பறவைப் பயணம் என்று பேச்செடுத்தால், "பத்து நாளும் சேற்றில் நின்று வாத்து எண்ண என்னால் ஆகாது" என்ற குரல் வீட்டுக்குள்ளிருந்தே எழும். அந்தக் குரலுக்கு உரியவரையும் உடன் அழைத்துச் செல்லத்தக்க நாடு அர்மேனியா. பரப்பில் கேரளத்தைவிடச் சிறியது என்றாலும், அங்கே 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. கி.பி. 301-இல் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றதாக மரபு கூறும் நாடு என்பதால், பறவை பார்க்கப் போகும் வழியிலெல்லாம் ஏதேனும் ஒரு மடாலயம் எதிர்ப்படும்.

ஏற்பாட்டாளர் அனுப்பும் பயணத் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடங்களின் பட்டியல் அன்று; ஒவ்வொரு நாளும் விடுதியை விட்டுக் கிளம்பும் நேரம். நான் முதன்முறை சென்ற குழுவில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். சிற்றுண்டி எட்டரைக்கு, பேருந்து கிளம்பியது பத்துக்கு. பறவைகள் அடங்கிய பிறகு நாணல் கரையில் இறங்கி, டெலஸ்கோப்பில் கானலைத்தான் பார்த்தோம். விடியலில் பறவை, வெயில் ஏறிய பின் கற்கட்டடம், மாலையில் மீண்டும் பறவை என்று நாள் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். கல் வெயிலுக்குப் பயந்து எங்கும் பறந்துவிடாது. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பறவைக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர் என இரண்டு உள்ளூர் வழிகாட்டிகள் வருகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்வார் என்று சொன்னால், இரண்டில் ஒன்று அரைகுறையாகத்தான் அமையும் என்பது என் அனுபவம்.

மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை கூடு கட்டும் காலம். பெரும்பாலோருக்கு அதுவே ஏற்றது. வலசை போகும் கழுகுகளையும் வல்லூறுகளையும் விரும்புவோர் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூலையில் அராரத் சமவெளியின் வெயில் தில்லி வெயிலுக்குச் சளைத்ததன்று.

எந்தத் திட்டத்திலும் விட்டுவிடக் கூடாத இடம் அர்மாஷ். தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே, துருக்கி எல்லையை ஒட்டி, நாணல் சூழ்ந்த மீன் வளர்ப்புக் குளங்கள் அங்கே வரிசையாக உள்ளன. குளங்கள் பண்ணைக்குச் சொந்தமானவை என்பதால் முன்அனுமதி இல்லாமல் நுழைய இயலாது. எந்தக் குளத்தில் தண்ணீர் வடிக்கப்பட்டிருக்கிறது, எதில் நிரம்பியிருக்கிறது என்பதற்கேற்பப் பறவைகளும் இடம் மாறுவதால், அன்றாட நிலவரம் அறிந்த வழிகாட்டி இங்கேதான் தம் கூலிக்கு ஈடு செய்கிறார். இரண்டாம் முறை சென்றபோது, வடிந்த குளத்தின் சேற்று விளிம்பில் வெண்வால் ஆள்காட்டி ஒன்று நீண்ட மஞ்சள் கால்களை நிதானமாகத் தூக்கி வைத்து நடந்து வந்தது. எங்கள் வண்டி நிற்பதைக் கண்டு ஒரு கால் தூக்கியபடியே சற்று நின்றது, பிறகு எழும்பியது. அந்த வெள்ளை வாலை எங்களில் மூவர் முந்தைய சனவரியில் தில்லிக்கு அருகிலேயே பார்த்திருந்தார்கள், ஏனெனில் அது நம் பக்கத்துக்குக் குளிர்கால விருந்தாளி. வெண்தலை வாத்து, மார்பிள்டு டக், நீலக்கன்னப் பஞ்சுருட்டான், சிறு குருகு ஆகியவற்றையும் இங்கே தேடலாம். எல்லைக் காவல் கோபுரங்களின் பக்கம் கேமராவையோ டெலஸ்கோப்பையோ திருப்பக் கூடாது. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். கொசு மருந்தை மறக்க வேண்டாம்.

அர்மாஷுக்குப் போகும் சாலையோரச் சிற்றூர்களில் மின்கம்பந்தோறும் ஒரு கூடு தென்படும். அது செங்கால் நாரை. பள்ளியில் செய்யுள் மனப்பாடம் செய்தவர்கள் அதன் அலகை உற்றுப் பார்க்காமல் நகர மாட்டார்கள். அந்தப் பெருங்கூட்டின் அடிப்பகுதிச் சுள்ளிகளுக்குள் சிட்டுக்குருவிகள் ஒண்டுக்குடித்தனம் நடத்துவதையும் கவனியுங்கள்.

அதே சாலையில் உள்ள கோர் விராப் மடாலயத்தில்தான், அந்நாட்டு மன்னரைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றியவராகப் போற்றப்படும் புனித கிரிகோரி பல ஆண்டுகள் சிறை வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நிலவறைக் குழி இருக்கிறது. செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுகொள்ளலாம். எதிரே துருக்கிக்குள் நிற்கும் அராரத் மலை காலையில்தான் தெளிவாகத் தெரியும். அர்மாஷுக்கும் காலைதான் வேண்டும். எனவே இவ்விரண்டுக்கும் தனித்தனி விடியல் ஒதுக்கும் திட்டமே நல்ல திட்டம்.

பறவையில் நாட்டமில்லாதவரும் வரலாற்றில் நாட்டமில்லாதவரும் ஒன்றாக நின்று பார்க்கக்கூடிய இடங்கள் சில உள்ளன. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வார்த்நோத்ஸ் பேராலயத்தின் இடிபாடுகளில், சிறகு விரித்த கழுகு செதுக்கப்பட்ட தூண் தலை ஒன்று இருக்கிறது. பாறையைக் குடைந்து எழுப்பப்பட்ட கெகார்ட் மடாலயத்தில், ஆட்டுக்குட்டியைக் கால்நகங்களில் பற்றிய கழுகைப் புரோஷியன் என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னமாகச் சுவரில் காணலாம். யெரெவானின் மாதெனதரான் சுவடிக் காப்பகத்தில், 405-ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் உருவாக்கிய அர்மேனிய எழுத்துகளைப் பறவைகளின் கழுத்தாலும் அலகாலும் வளைத்து வரைந்த பக்கங்கள் உள்ளன. ஓர் எழுத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றால், கோடு எங்கே முடிந்து பறவை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். 1915 அர்மேனிய இனப்படுகொலையின் நினைவிடம் அமைந்த குன்றின் பெயரான த்சித்செர்னகபெர்த் என்பதற்குத் தகைவிலான்களின் கோட்டை என்று பொருள். அங்கே பைனாகுலரை வண்டியிலேயே வைத்துவிட்டு, அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரு பிற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள்.

நோராவாங்க் பள்ளத்தாக்கில் செம்பாறை முகடுகளில் தாடிப் பாறுக்கழுகைத் தேடலாம். அங்குள்ள இரண்டடுக்குத் தேவாலயத்தின் வெளிப்புறக் கற்படிகள் மிகக் குறுகலானவை. செவான் ஏரியில் அர்மேனியக் கடற்காகத்துக்கு அரை நாள் போதும். அரகாத்ஸ் மலையின் உயரமான பகுதிக்குச் செல்லும் சாலையில் ஜூன் வரையிலும் பனி கிடக்கக்கூடும் என்பதால், அதைத் திட்டத்தின் கடைசி நாட்களில் வைப்பது நல்லது.

சைவ உணவுக்காரர்கள் கலங்க வேண்டாம். தந்தூர் அடுப்பின் உறவான தோனிரில் சுட்ட லவாஷ் ரொட்டி, கீரை பொதிந்த ஜிங்யாலோவ் ஹத்ஸ், நோன்புக் காலத்தில் முட்டைக்கோஸ் இலையில் பருப்பு வகைகளைச் சுருட்டிச் செய்யும் தோல்மா ஆகியவை உண்டு. தான் என்று அவர்கள் தருவது நம் உப்பு மோர்தான். தாளித்துத் தர மாட்டார்கள், அவ்வளவே.

விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அர்மேனிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதுமானது. விடுமுறையில் சென்னை செல்பவர்கள், வழக்கில் அரண்மனைக்காரன் தெரு என்று திரிந்துபோன ஆர்மேனியன் தெருவுக்கு ஒரு முற்பகல் சென்று அங்குள்ள பழைய தேவாலயத்தைப் பார்த்து வரலாம். உலகின் முதல் அர்மேனிய இதழான அஸ்தரார் 1794-இல் சென்னையில்தான் அச்சானது. யெரெவானில் வரலாற்று வழிகாட்டியிடம் இந்தப் பேச்சை எடுத்தால், அன்றைய மதிய உணவு சற்றுத் தாமதமாகும்.