ஃபோர்க் எடுத்த பேக்கேஜ்: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

வெளியார் எழுதிய பேக்கேஜில் நாலு வரி மாற்ற வேண்டும், ஃபோர்க் (நமக்கென்று ஒரு தனிப் பிரதி) எடுத்துக்கொள்கிறேன் என்று புதியவர் யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஃபோர்க் எடுப்பது தப்பில்லை. அடுத்து அவர் என்ன செய்வார் என்பது தெரியும். நாங்களும் ஒரு காலத்தில் அதையேதான் செய்தோம். லைசென்ஸைப் படி, அப்ஸ்ட்ரீமை (பிரதி எடுத்த மூலத்தை) ரிமோட்டாகச் சேர் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, விட்டுவிடுகிறேன்.

ஃபோர்க்குக்குள் ஃபார்மேட்டர் ஓட்டுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எடிட்டரில் சேமிக்கும்போதே கோடின் தோற்றத்தைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். தேதி கணக்கிடும் ஃபங்ஷனில் நாலு வரி திருத்திச் சேமித்தால், ஃபைல் முழுக்க ஒற்றை மேற்கோள் இரட்டையாகி, டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும். ‘சரி, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மொத்தத்தையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) போடுவார்கள். கமிட் செய்தி: ‘ஃபிக்ஸ்’.

அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு குழுவில் பார்த்தேன்: அப்ஸ்ட்ரீமில் பாதுகாப்புத் திருத்தம் வந்தது, அதை ஃபோர்க்கோடு மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) ஃபைலுக்கு ஃபைல் கான்ஃப்ளிக்ட் (மோதல்). எது வேண்டுமென்றே மாற்றியது, எது ஃபார்மேட்டர் மாற்றியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இடைவெளி மாற்றங்களை மறைத்து டிஃப் (இரண்டு பிரதிகளின் வித்தியாசம்) பார்க்கலாம். மேற்கோள் குறி மறையாதே! கடைசியில் அப்ஸ்ட்ரீமைப் புதிதாக இறக்கி, எந்த டெஸ்ட் உடைகிறது என்று பார்த்துத்தான் அந்த நாலு வரியைத் தேடிப்பிடித்தார்கள்.

ஃபோர்க்கில் ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட். ஏன் மாற்றினோம், அப்ஸ்ட்ரீமில் எது சரியானால் இதைத் தூக்கிவிடலாம் என்பது கமிட் செய்தியிலேயே இருக்கட்டும். அப்ஸ்ட்ரீமில் இல்லாத கமிட்களை மட்டும் பட்டியலிட்டால் அது ஒரு திரைக்குள் அடங்க வேண்டும்.

பிராஞ்ச் பெயரை வைத்து இன்ஸ்டால் செய்வது

பிராஞ்ச் நகர்ந்துகொண்டே இருக்கும்; அதற்குப் பதில் கமிட் ஹாஷை (அந்தக் கமிட்டின் மாறாத அடையாளத்தை) கொடுங்கள். எந்தப் பிரதி இன்ஸ்டால் ஆனது என்று குறித்துவைக்கும் லாக் ஃபைல் காப்பாற்றும் என்பார்கள். யாராவது அதை அழித்துப் புதுப்பிக்கும் வரைதான்.

டேக் போடாமல் ரீபேஸ்

ரீபேஸ் செய்து (நம் கமிட்களைப் புது அப்ஸ்ட்ரீமின் மேல் மறுபடி அடுக்கி) ஃபோர்ஸ் புஷ் அடித்தால் (சர்வரில் இருப்பதை மேலெழுதினால்), பழைய கமிட்டை எந்தப் பிராஞ்சும் பிடித்திருக்காது. பழைய ரிலீஸோ அந்தக் கமிட்டைத்தான் கேட்கும். சர்வர் அதைக் கழித்துக்கட்டியிருந்தால் பில்ட் அவ்வளவுதான். முதலிலேயே அதற்கு ஒரு டேக் (நிலையான பெயர்) போட்டுவையுங்கள்.

பதிப்பு எண்ணில் ஹைஃபன்

2.4.1-க்குப் பின்னால் ஹைஃபன் போட்டுக் குழுவின் பெயரை ஒட்டுவார்கள். செம்வர் என்ற பதிப்பு எண் விதிப்படி அது 2.4.1-க்கு முந்தைய சோதனை வெளியீடு. என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவி) ^2.4.0, அதாவது 2.4.0 அல்லது அதற்குப் பிந்தைய 2.x, கேட்கும் மற்ற பேக்கேஜ்கள் அதைத் தொடாது, ஒரிஜினலையே இழுத்து வரும். அப்புறம் ஒரே பேக்கேஜ் இரண்டு பிரதியாக உட்கார்ந்திருக்கும். எல்லாரும் ஃபோர்க்கையே எடுக்கும்படி பேக்கேஜ்.ஜேசனின் ஓவர்ரைட்ஸ் (overrides) பகுதியில் கட்டிப்போடுங்கள். கோ மொழியில், ஒரிஜினலுக்குப் பதில் ஃபோர்க்கைக் காட்டும் ரீப்ளேஸ் வரி மெயின் மாட்யூலில் (பில்ட் செய்யப்படும் மாட்யூலில்) இருந்தால்தான் செல்லும். லைப்ரரிக்குள் எழுதினால் கண்டுகொள்ளப்படாது.

பெயரை மாற்றுவது

பெரும்பாலான பாதுகாப்பு ஸ்கேனர்கள் பெயரையும் பதிப்பையும் வைத்தே ஓட்டைகளைத் தேடும். பெயர் மாற்றிய ஃபோர்க் அவற்றின் கண்ணில் படாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது, வேறு ஜார்களுக்குள் (ஜாவா பேக்கேஜ் ஃபைல்களுக்குள்) புதைந்திருந்த பிரதிகளைத் தேடுவதே தனி வேலையானது. அப்ஸ்ட்ரீம் அறிவிப்புகளைக் கவனிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

நாலு வரிக்கே ஃபோர்க்

ஃபோர்க்கே வேண்டாம்; என்பிஎம்மில், இன்ஸ்டால் ஆன பேக்கேஜின் மேல் நம் திருத்தத்தை ஒட்டிவைக்கும் பேட்ச்-பேக்கேஜ் என்ற கருவி போதும். அதற்கு மாற்றான பிஎன்பிஎம்மில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.