புல் மஞ்சளானதற்குக் காரணம் உரக் குறைவு அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டு முன்வாசலில் கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல் நாலடிக்கு மூன்றடி மட்டும் மஞ்சளாகவே இருந்தது. மழை நாளில் கொஞ்சம் தேறும். இரண்டு நாள் வெயில் அடித்தால் முதலில் வாடுவது அதுதான்.

தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள என்பிகே 15-15-15 உரம் தூவினேன், பலனில்லை. பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தேன். அதுவும் வீண் செலவு. வேரைப் புழு தின்றால் புல் பாய்போல உரிந்து வரும், இது வரவில்லை.

கவனிக்காமல் விட்டது ஓரம். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. நோய் அப்படிப் பரவாது. நீள ஸ்குரூடிரைவரைக் குத்தினேன்: மற்ற இடத்தில் ஆறு அங்குலம், அங்கே இரண்டே அங்குலத்தில் 'டக்'. வீடு புதுப்பித்தவர்கள் சிமெண்ட் குழைத்த தளத்தை எடுக்காமல் மண் மூடிப் போயிருக்கிறார்கள்! வேர் இறங்காது, சிமெண்டின் சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்தும் ஏறாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது அதனால்தான்.

கடப்பாரையால் உடைத்துத் துண்டுதுண்டாக அள்ளினேன். சிமெண்ட் தூள் படிந்த மண்ணையும் எடுத்துவிட வேண்டும். மூன்று பங்கு மண், ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து ஆறு அங்குலம் நிரப்பி, மிதித்து, மண்ணோடு வெட்டிய ஆறு புல் பத்தை பதித்தேன். பத்து நாள் காலை மாலை தண்ணீர். மூன்று வாரம் வேறு உரமே வேண்டாம். இப்போது ஓரம் தெரியவில்லை.