மடியில் தூக்கம், தொட்டிலில் விழிப்பு: என் அனுபவம்

என் மகளுக்கு 4 மாதம். பால் குடித்தபடியே மடியில் தூங்குவாள். மரத்தொட்டிலில் கிடத்தினால் விழித்துவிடுவாள். தப்பித்தவறித் தூங்கினாலும் சரியாக 40 நிமிடத்தில் அழுகை.

நன்றாக அயரட்டும் என்று அரை மணி நேரம் மடியிலேயே வைத்திருந்தேன். வெந்நீர்ப் பையால் மெத்தையைச் சூடாக்கி, பையை எடுத்துவிட்டுக் கிடத்தினேன். அம்மா தூளி கட்டினார். தொட்டிலுக்கு மாற்றியதும் பழைய கதைதான். இப்படியே 11 நாள் போனது.

அந்த 40 நிமிடம்தான் துப்பு. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவுதான். சுற்று முடிந்து அரைகுறையாக விழிக்கும்போது மடியைக் காணாமல் திடுக்கிட்டிருக்கிறாள். வரிசையை மாற்றினேன்: முதலில் ஹாலில் வெளிச்சத்தில் பால், அப்புறம் ஏப்பம், துணி மாற்றுதல், கடைசியில் கண் சொக்கும்போதே தொட்டில்.

கிடத்தும்போது தலை முதலில் இறங்கினால் விழுவதுபோல் கைகளை விரித்து விழிப்பாள். அதனால் கால், இடுப்பு, பிறகுதான் தலை. மல்லாக்கக் கிடத்தி நெஞ்சில் 2 நிமிடம் கை வைத்திருப்பேன். உள்ளே தலையணை, போர்வை எதுவும் கிடையாது. தொட்டில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே.

3 இரவு சிணுங்கினாள். பசித்தால் பால் கொடுத்தேன். 6-ஆம் இரவு தானாகத் தூங்கினாள். அப்பாடா! இப்போதும் இரவில் 2 முறை எழுகிறாள், குடித்ததும் தொட்டிலுக்கே திரும்புகிறாள்.