ஜப்பானில் கிராஃப்ட் பீர் திருவிழா: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பானில் குடியேறி, உடன் பணிபுரிபவர்கள் பீர் திருவிழாவுக்கு அழைக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1994இல் மதுவரிச் சட்டம் திருத்தப்பட்டபோது, பீர் உரிமம் பெறத் தேவையான குறைந்தபட்ச ஆண்டு உற்பத்தி 20 லட்சம் லிட்டரிலிருந்து 60,000 லிட்டராகக் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடிந்த தொழிலில், அதன் பிறகே, கிராஃப்ட் பீர் எனப்படுவதைச் சிறு அளவில் வடிக்கும் ஊர்ப்புறத்துச் சிறு ப்ரூவரிகள் (பீர் ஆலைகள்) காலூன்றின. அவற்றுள் பலவற்றை ஒரே திடலில் சந்திக்கும் வாய்ப்பு இது என்பதால், நிறையக் குடிப்பதைவிடச் சிறிது சிறிதாகச் சுவைத்து, கடையில் நிற்பவர்களோடு பேசிவிட்டு வருவதே இதன் முழுப்பயன் என்பது என் உறுதியான கருத்து.

1. விழாவைத் தேர்ந்தெடுங்கள்

நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டுச் சிறு கண்ணாடிக் கோப்பையில் வேண்டியவற்றைச் சுவைத்துப் பார்க்கும் விழாக்களும், இலவசமாக உள்ளே சென்று ஒவ்வொரு கோப்பைக்கும் பணம் கொடுக்கும் விழாக்களும் உண்டு. இரண்டாவது வகையே புதியவர்களுக்கு ஏற்றது. சைதாமா சூப்பர் அரீனாவை ஒட்டிய கெயாகி ஹிரோபா சதுக்கத்தில், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடத்தப்பட்டுவரும் விழா அப்படிப்பட்டது. தேதியையும் இடத்தையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. புறப்படும் முன்

ஜப்பானில் 2022 முதல் 18 வயதிலேயே ஒருவர் சட்டப்படி வயதுவந்தவர் ஆகிவிட்டாலும், மது அருந்தும் வயது 20தான். எனவே குடியிருப்பு அட்டை கையில் இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் ரொக்கம், தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பொது இடங்களில் குப்பைத்தொட்டி அரிது.

3. முதல் கோப்பைக்கு முன் ஒரு சுற்று

உள்ளே நுழைந்ததும் வரிசையில் நிற்காமல் எல்லாக் கடைகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கடை முகப்புப் பலகையில் பீரின் பெயர், வகை, விலை ஆகியவற்றோடு பெரும்பாலும் ஆல்கஹால் விழுக்காடும் எழுதப்பட்டிருக்கும். நான்கு அல்லது ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, மென்மையானதிலிருந்து கடுமையானதற்குச் செல்லும்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். கசப்பு மிகுந்த ஐபிஏ என்ற பீர் வகையை முதலில் குடித்துவிட்டால், அடுத்து வரும் கோதுமை பீரின் நுண்மணம் நாக்குக்கு எட்டவே எட்டாது.

தொடங்குவதற்கு இபராகி மாநிலத்து ஹிதாச்சினோ நெஸ்ட் ஒயிட் ஏல் போன்ற ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வடிக்கப்படும் அந்தப் பீரைக் குடிக்குமுன் மூக்கருகே பிடித்துப் பார்த்தால், நம் சமையலறையில் தனியா வறுபடும் வாசனையின் சாயலை நீங்களே உணர்வீர்கள். அடுத்து, கவாகோயேயின் கொயெதோ ப்ரூவரி சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துச் செய்யும் செம்பழுப்பு நிறப் பெனியாகாவைச் சுவைக்கலாம். ஒசாகாவின் மினோ ப்ரூவரி வடிக்கும் 9% டபிள்யூ-ஐபிஏ போன்றவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

4. கேட்டு வாங்குங்கள்

இரண்டு அளவுகள் இருந்தால் சிறியதையே கேளுங்கள்: "ச்சீசாய் நோ ஒ குதசாய்." எதை எடுப்பதென்று தெரியாவிட்டால் "ஒசுசுமே வா நான் தெஸ் கா?" என்று கேட்டால் போதும். ஊற்றித் தருபவரே பல நேரம் அதை வடித்தவராகவும் இருப்பார். வரிசை குறைவாக உள்ள முற்பகலில் சென்றால், எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), எந்த ஊர்ப் பழம் என்று மகிழ்ச்சியோடு விளக்குவார். பகிர்ந்துகொள்ளும் மேசையில் இடம் தேடும்போது "கொகோ, ஆய்தெமஸ் கா?" என்று அனுமதி கேட்டு அமர்வது மரியாதை.

5. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

மில்லிலிட்டர் அளவை விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் தூய ஆல்கஹாலின் எடை கிராமில் கிடைக்கும். 200 மி.லி. அளவில் 7% பீர் என்றால் 11.2 கிராம். மிதமான குடிப்பழக்கம் என்பதற்கு ஜப்பானிய சுகாதாரத் துறை நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் என்ற அளவைச் சொல்லிவந்திருக்கிறது. ஆக, இத்தகைய இரண்டு கோப்பைகளிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது. நண்பரோடு ஒரு கோப்பையைப் பகிர்ந்துகொண்டால் வகைகளும் கூடும், அளவும் அடங்கும். ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் அதே அளவு தண்ணீர் குடியுங்கள்.

சைவ உணவினர் உப்பிட்டு வேகவைத்த பச்சைச் சோயா அவரையான எதமாமேயை நம்பி வாங்கலாம். சைவமாகத் தோன்றும் மற்றவற்றில் மீன்சாறு கலந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

6. திரும்பும் வழி

ரயிலில்தான் திரும்ப வேண்டும். குடித்தவர் என்று தெரிந்தும் அவரை வண்டி ஓட்டச் சொல்லி உடன் செல்பவருக்கும் தண்டனை உண்டு. 2024 நவம்பர் முதல், மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருக்கும் நிலையில் மிதிவண்டி ஓட்டினால், 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கப்படலாம். ஆகவே, அன்று காலை வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு மிதிவண்டியில் செல்லாமல், நடந்தோ பேருந்திலோ செல்லுங்கள்.