அப்பளமாய் நெளிந்த படாக் வெனீரை அலமாரிக் கதவில் ஒட்டுவது எப்படி

படாக் மரத்தண்டில் புடைத்து நிற்குமே ஒரு முண்டு, அதிலிருந்து தாள் மாதிரி மெல்லிசாகச் சீவிய மரத்தை, அதாவது வெனீரை, கையில் வாங்கினால் பொரித்த அப்பளம் மாதிரிதான் இருக்கும். மேடும் பள்ளமும், அங்கங்கே ஓட்டை வேறு. (தண்ணீர்த் திருவிழா சமயத்தில் ரங்கூன் தெருக்களில் மஞ்சளாகப் பூக்கிறதே அதே மரம்தான், நம் வேங்கைக்குச் சொந்தம்.) நேர் ரேகைத் தேக்கு வெனீரை ஒட்டிப் பழகியவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன். வாங்கிய அன்றே பசை தடவி அழுத்தியதில் மேடான இடமெல்லாம் பட்பட்டென்று பிளந்துவிட்டது.

அதனால் முதலில் அதைத் தட்டையாக்க வேண்டும். மூன்று பங்கு தண்ணீர், ஒரு பங்கு ஸ்பிரிட், அரைப் பங்கு கிளிசரின் கலந்து இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். கிளிசரின்தான் மரத்தை இளக்குவது, ஆனால் கூடிப்போனால் பின்னால் பசை பிடிக்காது. ஸ்பிரிட் பட்டால் படாக்கின் சிவப்புச் சாயம் இறங்கும், வெளிர் நிற மரத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இளகியதும் அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து (செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும்), மேலும் கீழும் பிளைவுட் பலகை போட்டு, ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வையுங்கள். அரை மணியில் தாளை மாற்றுங்கள், அப்புறம் இரண்டு மணி நேரத்தில், அப்புறம் காலை மாலை. வெயில் காலத்தில் எனக்கு மூன்று நாள் போதும். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும், அப்போது தாள் மாற்றச் சோம்பல்பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்த பிறகும் ஒட்டும் நேரம் வரை மூட்டை இறங்கக் கூடாது, இறக்கினால் மறுபடி நெளியும்.

சரி, இப்போது வெட்டலாம். கத்தரிக்கோல் வேண்டாம், புது பிளேடு போட்ட கத்தியால் பல தடவை மெதுவாகக் கீறி, கதவைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுங்கள். விரிசல் இருந்தால் முகப்புப் பக்கம் தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்பைப் போட்டு இழுத்துப் பிடியுங்கள்.

வெள்ளைப் பசையை உருளையால் கதவுப் பலகையில் மட்டும் தடவுங்கள், வெனீரில் தடவினால் ஈரம் குடித்து உடனே சுருளும். பசை ஓட்டைகள் வழியாகக் கட்டாயம் மேலே கசியும், அதற்குத்தான் வெனீருக்கும் அழுத்துகிற பலகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். இங்கே அரிசி மூட்டை உதவாது, திருகி இறுக்குகிற கிளாம்ப்தான். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டே போய், ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

கதவின் உள்பக்கத்துக்கும் ஏதாவது மலிவான வெனீர் ஒட்டியாக வேண்டும், செலவு மிச்சம் என்று விட்டால் முதல் மழைக்கே கதவு வில்லாக வளையும்.

டேப்பை ஈரத் துணியால் நனைத்து உரித்து, ஓட்டைகளை அதே மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை கையால் தேயுங்கள். வெனீரின் தடிமன் 0.6 மில்லிமீட்டர்தான், மெஷின் வைத்தால் ஒரு நொடியில் அடிப்பலகை பல்லிளிக்கும். கீல் மாட்டும் முன் திருகின் நீளத்தையும் அளந்துவிடுங்கள், என் முதல் கதவில் திருகு முனை முகப்பில் எட்டிப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது.