பின்னல் விழவும் அவிழவும்: நவராத்திரிக் கோலாட்டத்தின் கணக்கு

நவராத்திரியில் முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, அடுத்த மூன்று இலக்குமிக்கு, கடைசி மூன்று சரஸ்வதிக்கு. பின்னல் கோலாட்டத்தைக் கடைசி மூன்று நாளில் ஒன்றுக்கு வையுங்கள். மேலே வளையத்தில் கட்டிய நாடாவை ஒரு கையிலும் கோலை மறு கையிலும் பிடித்து, எட்டுப் பேர் எதிரெதிராகச் சுற்றி நாடாக்களைப் பின்னி, பிறகு அவிழ்க்கும் ஆட்டம் இது. பள்ளிக்கூட வாணி விழாவும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால், ஒருமுறை பழக்கியதை இரண்டு இடத்திலும் ஆடலாம். பழக்க மூன்று கிழமை வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் காவடி எடுத்து ஆடிய பிள்ளைகள்தானே, இரண்டு நாளில் பிடித்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். காவடியில் ஒருவர் அடி பிசகினால் அவரோடு போயிற்று. இதில் ஒருவர் பிசகினால் எட்டுப் பேரும் நிற்க வேண்டும்.

பின்னல் விழுவது இலேசு, அவிழ்வதுதான் பாடு. மேடையில் பின்னல் இறுகிப்போய் நிற்கிற இடங்களில் பெரும்பாலும் பிள்ளைகளின் காலில் பிழை இருக்காது. எத்தனை தரம் சுற்றினோம், இப்போது உள்ளாலா வெளியாலா என்பதை அவர்களை எண்ணவிட்டதுதான் பிழை. எண்ண வேண்டியது பாட்டு. அதை எப்படிப் பாட்டில் ஏற்றுவது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் சாமான்.

நாடாவுக்கு றிபன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். வழுக்கும் றிபனில் பின்னல் நிற்காது, நைலோன் கயிறு கையை அறுக்கும். பழைய பருத்திச் சேலை இரண்டு போதும், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சேலையை நீளவாக்கில் மூன்று அங்குல அகலத்துக்குக் கிழியுங்கள். கரையை விட்டுவிட்டாலும் ஒரு சேலையில் பத்துக்கு மேல் தேறும். சேலை 18 அடி நீளம். நாடா 14 அடி இருந்தால் சரி. மேலே முடிச்சுக்கு ஒரு அடி, கையில் சுற்றிப் பிடிக்க ஒரு அடி, ஆட்டத்துக்கு 12 அடி. கிழித்த ஓரத்தில் தொங்கும் நூலை எல்லாம் வெட்டிவிடுங்கள். அவிழ்க்கும்போது ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பது அந்த நூல்தான். எட்டுப் பேருக்குச் சிவப்பு நாலு, மஞ்சள் நாலு, மாற்றுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று.

வளையத்தை ஒட்டுப் பட்டறையில் பத்து மில்லிமீற்றர் கம்பியில் வளைத்து வாங்கலாம், ஒரு சாண் விட்டம் போதும். அதற்கு மேல் பெரிதானால் பின்னலின் தலைப்பு வாய் பிளந்து நிற்கும். மண்டபத் தீராந்தியில் 12 அடி உயரத்தில் கட்டுங்கள். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் வளையம் சுழன்று, பின்னலும் சேர்ந்து முறுகும். ஆகவே இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டியபின் வளர்ந்த ஆள் ஒருவர் அதில் இரு கையாலும் தொங்கிப் பார்க்கட்டும். பந்தல் மூங்கிலில் கட்டவே வேண்டாம். தீராந்தி இல்லாத கோயிலில் நடுவில் கமுகந் தடி நாட்டியும் ஆடலாம். மூன்று அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அதுவும் சாயும், அடியில் கல் போட்டு இறுக்குங்கள்.

கோல் ஒரு அடி நீளம், முக்கால் அங்குலத் தடிப்பு. தளபாடம் செய்யும் பட்டறையில் கழிக்கும் முதிரைத் துண்டைக் கடைந்து தரச் சொல்லுங்கள். முதிரையின் ஓசை நல்ல கணீர். ஆனால் பாரம், சின்னப் பிள்ளைகளுக்குக் கொய்யாக் கம்பு போதும். நுனியில் மினுங்கல் தாள் சுற்றுவது பார்க்க வடிவுதான், ஓசை செத்துப்போகும்.

இனிக் களம். நாடா 12 அடி, வளையம் 12 அடி உயரம், பிள்ளையின் கை நாலடி உயரத்தில் என்றால், தொடங்கும்போது வட்டத்தின் நடுவிலிருந்து பிள்ளை நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்பது அடி. பின்னல் வளர வளர நாடா குறுகி எல்லாரையும் உள்ளே இழுக்கும், முடிவில் அது ஆறடிக்கு வந்துவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. வட்டம் சிறுக்கிறதே என்று பிள்ளைகள் வெளியே இழுப்பார்கள், பின்னல் இறுகும், பிறகு அவிழாது. ‘நாடா எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போ’ என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். நாடா தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. 24 அடிக்கு 24 அடி சதுர வெளி வேண்டும். கிரவல் பரப்பிய முற்றமென்றால் கூட்டிப் பொறுக்கித் தண்ணீர் தெளியுங்கள், வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகள் அவர்கள்.

ஆட்டம் இப்படி. எட்டுப் பேரும் சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என மாறிமாறி வட்டமாக நிற்பார்கள். சிவப்பு வலமாகச் சுற்றும், மஞ்சள் இடமாக. நாடா எப்போதும் வளையப் பக்கத்துக் கையில், கோல் வெளிக் கையில். ஆகவே சிவப்புக்குக் கோல் இடக்கையில் வரும். முதல் இரண்டு நாள் தடுமாறுவார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் சந்திப்பில் சிவப்பு வெளியால், மஞ்சள் உள்ளால். வெளியால் போகிறவர் நாடாக் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார், உள்ளால் போகிறவர் அதன் கீழே குனிந்து போவார். அடுத்த சந்திப்பில் சிவப்பு உள்ளால், மஞ்சள் வெளியால். இப்படியே மாறிமாறி. எட்டுப் பேரென்றால் ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் எட்டுச் சந்திப்பு. அதன்பின் எல்லாரும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்கள்.

பாட்டு ஆதி தாளத்தில், ஒரு வரி எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), நாலு வரிக்கு ஒரு பாட்டு என்ற அமைப்பில் இருக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு சந்திப்பு: நாலு அட்சரம் கோலடி, நாலு அட்சரம் நடந்து கடப்பது. ஒரு பாட்டு முடிந்தால் அரைச் சுற்று, இரண்டு பாட்டில் முழுச் சுற்று. எட்டுப் பாட்டுக்குப் பின்னுங்கள். அது 32 சந்திப்பு, துணியின் தடிப்பைப் பொறுத்து இரண்டரை, மூன்றடிப் பின்னல் விழும். இந்த அமைப்பின் பலன் என்னவென்றால், ஒவ்வொரு பாட்டின் முதல் வரியிலும் சிவப்பு வெளியால்தான். யாராவது மறந்தாலும் அடுத்த பாட்டுத் தொடங்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

எட்டாம் பாட்டு முடிந்ததும் ஒரு தாளவட்டம் மிருதங்கம் மட்டும் போகட்டும். அதற்குள் எல்லாரும் நின்ற இடத்தில் திரும்பி, நாடாவையும் கோலையும் கை மாற்ற வேண்டும். இப்போது சிவப்பு இடமாக, மஞ்சள் வலமாக. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: கடைசியாக உள்ளால் போனது சிவப்பு, ஆகவே திரும்பும்போது முதலில் உள்ளால் போவதும் சிவப்பே. தொடக்கத்தில் செய்ததுபோல வெளியால் போனால் பழைய பின்னலின் மேல் புதுச் சிக்கல் விழும். அவிழ்க்கும் எட்டுப் பாட்டிலும் முதல் வரி சிவப்பு உள்ளால். பாடுகிறவர் அந்தப் பாட்டுகளின் எடுப்பைச் சற்று அழுத்திக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும்.

நிமிடத்துக்குத் தொண்ணூறு அட்சர வேகத்தில் பின்னி அவிழ்க்க ஏறக்குறைய ஆறு நிமிடம். பாட்டு ஏற ஏற வேகம் கூட்டுவது நமது பாடகர்களின் பழக்கம், இதற்கு அது ஆகாது. வட்டம் சிறுத்திருக்கும் நேரத்தில் வேகமும் கூடினால் கோல் விரலில் விழும். பின்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடுவதாக இருந்தால் இரண்டு தரத்துக்கும் சேர்த்து ஒரு சந்திப்பா, தரத்துக்கு ஒன்றா என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுப் பாட்டைவிட நேரில் பாடுவதே நல்லது. நாடா சிக்கினால் மிருதங்கம் ஒரு வட்டம் கூட வாசித்துப் பொறுக்கும், பதிவு பொறுக்காது.

பழக்கும்போது முதல் கிழமை நாடா வேண்டாம், கோலும் வேண்டாம். ‘வெளி, உள்’ என்று வாய்விட்டுச் சொல்லி நடக்கட்டும். இரண்டாம் கிழமை நாடா மட்டும். கோல் மூன்றாம் கிழமைதான். சிவப்புக்கு ஒருவர், மஞ்சளுக்கு ஒருவர் என இரண்டு பேரைக் கூடுதலாகப் பழக்குங்கள். அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல், மாற்றாளும் வரவில்லை என்றால் எதிர் நிறத்தில் ஒருவரையும் நிறுத்தி ஆறு பேரோடு ஆடுங்கள். அப்போது சுற்றுக்கு ஆறு சந்திப்பு, தொடங்கிய இடத்துக்கு வர மூன்று பாட்டில் இரண்டு சுற்று. ஆகவே ஆறு பாட்டில் திரும்ப வேண்டும். ஏழு பேரோடு ஆட முயலவே வேண்டாம், பின்னல் ஒரு பக்கம் ஓட்டை விழும்.

பாவாடை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். தலைமுடியைப் பின்னித் தொங்கவிடாமல் கொண்டையாகக் கட்டுங்கள். தலையில் பூச்சரம் வைத்தால் குனிந்து போகும்போது நாடா அதைப் பிடுங்கும்.

ஒலிபெருக்கியில் ஒரு நுணுக்கம். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 1,100 அடி போகும். வீதியோர மரத்தில் 110 அடி தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் களத்துக்குப் பத்தில் ஒரு செக்கன் பிந்தி வரும், பிள்ளைகளுக்குத் தாளம் இரண்டாகக் கேட்கும். கோலாட்டம் முடியும்வரை தூரக் குழாயை நிறுத்திவிட்டு, களத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மட்டும் விடுங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் பின்னேரத்து இடிமழை எதிர்பார்க்க வேண்டியதே. தறப்பாள் கட்டினால் வளையத்துக்கு மேலே தண்ணீர் தேங்காத சரிவில் கட்டுங்கள். ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் இறங்கும், வாசிப்பவருக்குச் சுருதி கூட்டப் பத்து நிமிடம் விடுங்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்பும். பெரிய வெளிச்சத்தை வளையத்துக்கு நேர் மேலே போட்டால் ஈசல் அத்தனையும் பாடுகிறவரின் வாயில். பக்கவாட்டில், தள்ளி வையுங்கள்; மேலே பார்க்கும் பிள்ளைக்கும் கண் கூசாது. வெளிநாட்டு உறவினருக்கு நேரலை காட்டுபவரை மேடைப் பக்கம் ஒரு கதிரையில் ஏற்றிவிடுங்கள், வட்டத்துக்குள் விட வேண்டாம்.

பூசை நடக்கும்போது கோயில் மேளத்தோடு போட்டி போடக் கூடாது. தீபாராதனை முடிந்து, சுண்டலும் அவலும் கொடுக்க முன்னர் தொடங்குங்கள். கொடுத்த பிறகென்றால் பாதிச் சனம் படலையடியில் நிற்கும். யானை நடமாட்டமுள்ள ஊர்களில் இருட்ட முன்னரே ஆடி முடித்துவிடுங்கள், குடும்பங்கள் பிள்ளைகளோடு திரும்ப வேண்டும்.

ஆட்டத்துக்கு நடுவில் ஒரு சோடி பிழையாகக் கடந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, அவர்கள் இருவரும் மட்டும் பின்னால் வந்து சரியாகக் கடக்கட்டும். மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கும். கவனிக்காமல் பல வரி ஓடிவிட்டால் அவிழ்க்க முனைய வேண்டாம். எட்டாம் பாட்டோடு நாடாக்களின் நுனியை ஒன்றாகச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, பிள்ளைகள் அதைச் சுற்றிக் கும்மியடித்து முடிக்கட்டும். அந்தக் கும்மியையும் முன்னரே பழக்கி வைத்திருக்க வேண்டும்.