பரோட்டா மாஸ்டர் இடுப்பில் ஒரு நம்பர் பேஜர்: மெஸ்ஸில் அமைப்பது எப்படி

எங்கள் மெஸ் மதுரை சிம்மக்கல் பக்கம். கீழே கூடம், மாடியில் ஏசி ஹால், பின்கட்டில் அடுப்படி, எதிர்ச் சாரியில் வண்டி நிறுத்தும் இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்துவிட்டால் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, செல்போன் மணி எங்கே கேட்கும்? கேட்டாலும் மாஸ்டர் கை முழுக்க மைதாவும் எண்ணெயும். அந்தக் கையால் டச் போனை எடுக்க முடியாது. எடுத்துவிட்டு அதே கையால் மாவைத் தொடவும் கூடாது. அதனால்தான் கல்லாவில் ஒரு எண் பட்டன் பெட்டியும், வேலையாட்களுக்கு ஆளுக்கொரு நம்பர் பேஜரும் (கல்லாவில் அமுக்கும் எண்ணைத் திரையில் காட்டும் சின்னக் கருவி) வைத்தோம். பார்த்துவிட்டுப் போகிற மெஸ்காரர்கள், மண்டபம் நடத்துகிறவர்கள், ஒரு நர்சிங் ஹோம் மேனேஜர் என்று பலரும் விவரம் கேட்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இது அந்தக் காலத்துப் பேஜர் சேவை இல்லை. 1990-களின் நடுவில் என் மாமனார் இடுப்பில் ஒரு மோட்டரோலா பேஜர் தொங்கும். அதற்குக் கம்பெனி உண்டு, சந்தா உண்டு. 2003-இல் செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமானதும், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது நாம் வைப்பது நம் கட்டடத்துக்குள் மட்டும் ஓடும் ஏற்பாடு. கல்லாவில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் எண்ணை அனுப்பும், பேஜர் வாங்கிக் காட்டும். சிம் இல்லை, இன்டர்நெட் இல்லை, மாதச் செலவும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு எங்கள் பக்கம் போனில் ஒரு கால் போவதே பெரும்பாடு. செல்போன் டவரோடு பேஜருக்குச் சம்பந்தமே இல்லாததால் அன்றைக்கும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

வாங்கும்போது முதலில் அலைவரிசையைக் கேளுங்கள். நம் நாட்டில் கட்டடத்துக்குள் பயன்படுத்தும் சிறு கருவிகளுக்கு 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மில்லிவாட் சக்திக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆன்லைனில் வெளிநாட்டுப் பெட்டிகள் 450, 460 மெகாஹெர்ட்ஸில், இரண்டு வாட், ஐந்து கிலோமீட்டர் என்றெல்லாம் ஆசை காட்டும். அதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒரு மெஸ்ஸுக்கு ஐந்து கிலோமீட்டர் எதற்கு? தெப்பக்குளத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டா இலை போடச் சொல்லப்போகிறோம்? டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்று உள்ள பொருளா என்று விற்பவரிடம் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, பேஜர்களையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை பாக்சாக் என்ற பழைய முறையில் இயங்குகின்றன. பிரிட்டிஷ் தபால் துறை உருவாக்கியது, இன்றைக்கும் ஓடுகிறது. அதில் அலைவரிசை, வேகம், கேப்கோடு மூன்றும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். வேகம் 512, 1200, 2400 (விநாடிக்கு இத்தனை பிட்) என்று மூன்று இருக்கும். 512-ஐ வையுங்கள். அனுப்புவது மூன்றே இலக்கம்தான், வேகம் எதற்கு? மெதுவாகப் போகிற சிக்னல்தான் சுவர் தாண்டி நன்றாகப் பிடிபடும்.

கேப்கோடு என்பது பேஜரின் விலாசம். ஏழு இலக்கம், 20,97,151 வரை போகலாம். பெட்டியோடு வந்த எண்ணை அப்படியே விடாதீர்கள். அடுத்த தெருவில் ஒருவர் அதே மாடலை வாங்கி அவரும் மாற்றாமல் விட்டால், அவர் கடை பில் உங்கள் ஆள் இடுப்பில் அடிக்கும். எண்ணை மாற்றும் வழி மாடலுக்கு மாடல் வேறு; சிலவற்றில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும், சிலவற்றைக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். விற்பவரையே உட்கார வைத்து மாற்றிக்கொள்வது உத்தமம். ஒவ்வொரு பேஜரிலும் இரண்டு கேப்கோடு போடச் சொல்லுங்கள்: ஒன்று அந்த ஆளுக்கு மட்டும், இன்னொன்று எல்லோருக்கும் பொது. அந்தப் பொது எண்ணின் அருமை பின்னால் தெரியும்.

பேஜரில் போடும் ஒரே ஒரு சின்ன பேட்டரி செல் வாரக்கணக்கில் எப்படி வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் இந்தக் கேப்கோடுதான். பாக்சாக்கில் ஒவ்வொரு சுற்றும் எட்டுப் பகுதியாகப் போகும். கேப்கோடை எட்டால் வகுத்தால் வரும் மீதி எதுவோ, அந்தப் பகுதியில் மட்டும் பேஜர் கண் விழித்துக் கேட்கும். எட்டுப் பந்தி நடக்கிற கல்யாண வீட்டில் தன் பந்திக்கு மட்டும் எழுந்து வந்து, மற்ற நேரம் திண்ணையில் தூங்குகிற ஆள் மாதிரி.

எல்லாம் சரியாக இருந்தும் திரையில் அடைப்புக்குறியும் கோடும் கலந்து கன்னாபின்னாவென்று வந்தால் பேஜர் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் எழுத்து முறையில் அனுப்புகிறது, பேஜர் அதை எண் என்று நினைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்கில் அனுப்பும் வகையை 'நியூமரிக்' என்று மாற்றினால் தீர்ந்தது. ஒன்றுமே வரவில்லை என்றால் அலைவரிசை, வேகம், கேப்கோடு என்று இதே வரிசையில் பாருங்கள். அதன் பிறகும் மௌனமாக இருந்தால் 'இன்வெர்ட்' என்று ஒரு செட்டிங் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டரைக் கல்லா மேஜைக்கு அடியில் வைக்காதீர்கள். மேலே கிரானைட், பக்கத்தில் இரும்பு டிராயர், பின்னால் கூல்டிரிங்ஸ் பிரிட்ஜ் என்றால் சிக்னல் அங்கேயே அடங்கிவிடும். ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் ஒரு மரப்பலகை அடித்து அதன்மேல் வையுங்கள். பட்டன் பெட்டி தனியாக வந்தால் அதை மட்டும் கைக்கு எட்டும்படி இழுத்துக்கொள்ளலாம். இந்த அலைவரிசைக்கு ஆன்டெனா ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அது நேராக நிற்க வேண்டும். சாமி படத்து மாலையை அதில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். கரண்ட் இணைப்பை பில் கம்ப்யூட்டர் இருக்கிற இன்வெர்ட்டர் லைனிலேயே கொடுத்துவிடுங்கள்.

பிறகு நடந்து பார்க்கும் சோதனை. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கல்லாவில் ஒருவர் உட்கார்ந்து 01, 02, 03 என்று பத்து விநாடிக்கு ஒரு எண்ணாக வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் பேஜரை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடம், மாடிப்படி, ஏசி ஹால், சரக்கு அறை, கை கழுவும் இடம், வண்டி நிறுத்தும் இடம் என்று நிதானமாக நடந்து, எந்த எண் வரும்போது எங்கே நிற்கிறார் என்று தாளில் குறிக்கட்டும். கடைசியில் எந்த எண் விட்டுப்போயிருக்கிறதோ அந்த இடம்தான் செத்த இடம். எங்களுக்குக் கறி வைக்கும் பிரீசருக்குப் பின்னால் ஒரு மூலை அப்படி இருக்கிறது. பலகையை ஒரு முழம் தள்ளி அடித்தும் அது சரியாகவில்லை. அங்கே யாரும் நிற்பதில்லை என்பதால் விட்டுவிட்டோம். ஆள் கூட்டம் இருக்கும்போதும் ஒரு தடவை நடந்து பாருங்கள், காலி ஹாலில் வருவது நிறைந்த ஹாலில் வராமல் போகலாம்.

இதுவரை சொன்னது ஒரு மத்தியான வேலை. உண்மையான வேலை இனிமேல்தான். என்ன எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியல். நம்பர் பேஜர் வாங்கி மூலையில் போட்டவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள்தான். ஐம்பது எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டினால் எவனும் மனப்பாடம் பண்ண மாட்டான். மூன்று இலக்கம், முதல் இலக்கம் வேலை, மற்ற இரண்டும் மேஜை. அதற்கு மேல் போகாதீர்கள்.

எங்கள் பட்டியல் இது. கீழே மேஜை 01 முதல் 18, மாடி 21 முதல் 36, பார்சல் 50, வண்டி நிறுத்துமிடம் 60. வேலையில் 2 என்றால் இலை போடு. 3 என்றால் ரெடி, எடுத்துட்டுப் போ. 5 என்றால் மறுசோறு. 6 என்றால் பில். 7 என்றால் மேஜை துடை. ஆக 314 வந்தால் பதினாலாம் மேஜைக்குப் பலகாரம் தயார். 721 வந்தால் மாடியில் முதல் மேஜையைத் துடைக்க வேண்டும். வேலையை முன்னால் வைத்ததற்குக் காரணம், முதல் இலக்கத்தைப் பார்த்ததுமே 'நம்ம ஜோலியா, இல்லையா' என்று தெரிந்துவிடும்.

ஏன் 1, 4, 9 இல்லை என்று கேட்பீர்கள். 9-ஐ விட்டதற்குக் காரணம், இடுப்பில் மாட்டிய பேஜரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் 6 அப்படியே 9 ஆகிவிடும். 1-ஐயும் 4-ஐயும் விட்டதற்குக் காரணம் வேறு. நம் ஆட்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் எண்கள் மூன்று: 108, 144, 420. யாரும் சொல்லித்தர வேண்டாம். 1 என்பது ஒரு வேலை எண் என்று வைத்தால் 108 என்பது எட்டாம் மேஜை வேலையாகிவிடும், குழப்பம்.

அதனால் 108-ஐ அவசரத்துக்கு ஒதுக்கினோம். யாராவது மயங்கி விழுந்தாலோ, கேஸ் வாடை வந்தாலோ பொது கேப்கோடில் 108 போகும். கையில் இருப்பதை வைத்துவிட்டு எல்லோரும் கல்லாவுக்கு வர வேண்டும். 144 என்றால் தடை: ஏதோ ஒரு ஐட்டம் தீர்ந்துவிட்டது, இனி ஆர்டர் எடுக்காதே. பேஜரில் கோடும் அனுப்பலாம் என்பதால் 144-3 என்று போடுவோம். போர்டில் மூன்றாவதாக எழுதியிருப்பது கறி தோசை. 420-க்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். 420-12 என்றால் பன்னிரண்டாம் மேஜைக்காரர் கல்லாப் பக்கம் வராமல் வாசலைப் பார்த்து நடக்கிறார். சப்ளையர் தம்பி போய்ச் சிரித்த முகத்தோடு, "அண்ணே, பீடா வாங்காமப் போறீகளே" என்று கல்லாவுக்குக் கூட்டி வந்துவிடுவான். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

நர்சிங் ஹோம் என்றால் மேஜைக்குப் பதில் கட்டில் எண் போடுங்கள். ஆனால் நோயாளியின் போன் நம்பரையோ, பைல் நம்பரையோ இதில் அனுப்பாதீர்கள். இந்தச் சிக்னலுக்குப் பூட்டு கிடையாது, சின்ன ரேடியோ கருவி வைத்திருக்கும் எவரும் படிக்கலாம்.

இது ஒருவழிப் பாதை என்பதை எல்லோருக்கும் புரியவைத்துவிடுங்கள். வந்து சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஆள் வரவில்லை என்றால் அதே எண்ணை இன்னொரு தடவை, அப்புறம் வாய். மூன்றாவது தடவை அனுப்புவது எங்களிடம் இல்லை. அனுப்புகிறவர்களும் இரண்டே பேர்தான், கல்லாவில் நானும் அடுப்படி வாசலில் தட்டு எடுத்து வைக்கும் அக்காவும். ஆளாளுக்கு அமுக்க ஆரம்பித்தால் வைப்ரேஷன் நிற்கவே நிற்காது, பிறகு யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டு வைப்ரேஷனில் மட்டும் வையுங்கள். அதற்கு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். சப்ளையர்கள் பேன்ட் போட்டிருப்பதால் கிளிப் நிற்கும். மாஸ்டர் கைலி கட்டுகிறவர், கைலியில் கிளிப் நழுவும். அவருடைய பச்சை பெல்ட்டில், பர்ஸ் மூடிக்குப் பக்கத்தில் மாட்டினோம், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மேலே மெல்லிய ஜிப் கவர் ஒன்று போட்டுவிட்டால் எண்ணெய் ஏறாது. ராத்திரி கவரை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் நாள் மாஸ்டர் அதைக் கையில் வாங்கவே இல்லை. 2024 செப்டம்பரில் வந்த செய்தி அவர் மனசில் இருந்தது. "ஏம்மா, லெபனான்ல இடுப்புலயே வெடிச்சுச்சே, அந்தச் சாமானா இது?" என்றார். "அது உள்ளுக்குள்ள வெடிமருந்தை வச்சுல்லண்ணே வித்தாய்ங்க. இதுல டி.வி. ரிமோட்டுல போடுற பேட்டரி செல் ஒண்ணுதான் இருக்கு. நீங்களே கழட்டிப் பாருங்க" என்று கொடுத்தேன். மூடியைத் திறந்து செல்லை எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, திரும்பப் போட்ட பிறகுதான் பெல்ட்டில் ஏறியது. உங்கள் ஆட்களும் கேட்பார்கள். வாயால் சொல்வதைவிடத் திறந்து காட்டிவிடுங்கள்.

செல்லை ஒவ்வொன்றாகத் தீரத் தீர மாற்றுவது தொல்லை. நாங்கள் அமாவாசையன்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவோம்; அசைவ மெஸ்ஸுக்கு அன்றைக்கு வேலை குறைவு. கழற்றிய செல் வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு ஆகும். அல்கலைன் செல்லாகப் பார்த்து வாங்குங்கள், மலிவுச் செல் கசிந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.

பேஜர் ஒன்று கூடுதலாக வாங்கிப் பொது கேப்கோடை மட்டும் போட்டு வையுங்கள். ஒன்று தொலைந்தாலோ, குழம்புச் சட்டியில் விழுந்தாலோ, தொலைந்ததன் எண்ணை இதில் ஏற்றிக்கொள்ளலாம், டிரான்ஸ்மிட்டரில் எதையும் தொட வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் பேஜரைப் புது ஆளிடம் கொடுக்கும்போது அதில் தங்கியிருக்கும் பழைய எண்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் புது ஆள் நேற்றைய 314-ஐப் பார்த்துவிட்டு அடுப்படியில் வந்து நிற்பான்.